இன்னும் வாசிக்காதவை

இறந்துபோன மனிதனிடமிருந்து ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த மெயில், அந்த ஞாயிறு வரவில்லை.

கொட்டாஞ்சேனையில், மாமியார் வீட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தபடி கொன்ஸ்ரன்ஸ் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் காலை ஏழரைக்கு வந்துவிடும். எட்டரை ஆகியும் இல்லை. அவள் அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. கை, கால், நெஞ்சு எல்லாம் பல்லுக் கழற்றுமுன் ஊசி போட்ட கன்னம்போலக் கிடந்தன.

மெயிலை அனுப்புவது ஆள் அல்ல, ஒரு பெட்டி. அவளுடைய கணவன் மெல்ரோய் மென்பொருள் எழுதுபவன். வெள்ளவத்தை வீட்டின் உள்ளறையில் சிகரட் பெட்டி அளவுக் கணினி ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டிருந்தான். அதன் வயரின் மறுமுனையில் ஒரு ஹாட் டிஸ்க். பெட்டி மணிக்கொரு தரம் அவன் சொல்லிவைத்த இணையத்தளங்களைச் சுற்றிவரும். புதிதாக எது கண்டாலும் அந்தப் பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து டிஸ்கில் போட்டுவிடும். "லிங்க் எல்லாம் ஒருநாள் சாகும் கொன்ஸி. ஆர் அழிச்சாலும் எங்கட பிரதி எங்களிட்ட இருக்கும்" என்பான். ஞாயிறு காலை அவனுக்கும் அவளுக்கும் பெட்டி ஒரு மெயில் போடும். 'இன்னும் வாசிக்காதவை' என்று மேலே இருக்கும். கீழே தலைப்புகள் சாரைசாரையாக நீளும். அவன் இருந்த காலத்தில் அவள் அதை ஒருநாளும் திறந்ததில்லை.

ஐந்தாம் மாடிப் பல்கனியிலிருந்து அவன் விழுந்து இறந்த பிறகும் மெயில் வந்தது. பெட்டிக்கு யார் போய்ச் சொல்வது?

போன ஞாயிறு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், முதன்முறையாக அதைத் திறந்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நடுவில் ஒரு தலைப்பு நின்றது: 'கடற்பக்கப் பல்கனிக் கம்பிகள் – குடியிருப்பாளருக்கு அவசர அறிவித்தல்.' அவர்களுடைய கட்டடத்தின் தளத்தில் வந்தது. மெல்ரோய்தான் அந்தத் தளத்தைச் சும்மா செய்து கொடுத்தவன். குடியிருப்பாளர் யாரும் எட்டியும் பார்ப்பதில்லை. அவள் லிங்கைத் தட்டினாள். பக்கம் இல்லை என்று வந்தது.

அந்தப் பக்கம்தான் இப்போது எல்லாம்.

ஏனென்றால் பொலிஸ் சார்ஜன்ட், அவளைத் தங்கையென்று சிங்களத்தில் விளித்து, அன்றைக்கே சொல்லியிருந்தார்: "நங்கி, சும்மா சாஞ்சா கம்பி இப்பிடி வெளிய வளையாது. மேல ஏறி நிண்டாத்தான்." மெல்ரோய்க்கு வேலை போய் இரண்டு மாதம் என்பதும் அவருடைய குறிப்பில் இருந்தது. கம்பி நல்ல நிலையில்தான் இருந்தது என்று கட்டடச் சங்கச் செயலாளர் வாக்குமூலம் கொடுத்தார். வளைந்த கம்பியைப் பாதுகாப்புக்கென்று மறுநாளே வெட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று. மரண விசாரணை வருகிற புதன்கிழமை முடிகிறது. மாமியார் ஒரு மாதமாகக் கேட்பது ஒரே கேள்வி: "தவறி விழுந்தவனா, குதிச்சவனா? அதை மட்டும் சொல்லுங்கோ."

கம்பி பழுதென்று சங்கத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், அதற்கு விடை கிடைக்கும்.

"ரொஷேல், வெளிக்கிடு" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "வெள்ளவத்தைக்குப் போகவேணும்."

மெல்ரோயின் தங்கை ரொஷேல் வாயில் பாண் துண்டோடு எட்டிப் பார்த்தாள். "மெயில் வரேல்லை எண்டோ? கரண்ட் போயிருக்கும் அண்ணி."

"கரண்ட் போனா வந்த உடன பெட்டி தானா எழும்பும். எழும்பேல்லை."

கொன்ஸ்ரன்ஸின் தொழில் மென்பொருளைச் சோதிப்பது. ஒருவர் எழுதியது எங்கே உடைகிறது என்று தேடுவது. எது நடந்திருக்கவேண்டும், எது நடந்திருக்கிறது: இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வித்தை தெரியாது.

நண்பகலில் வெள்ளவத்தை. ரயில் பாதைக்கு இப்பால், கடலைப் பார்த்த ஐந்து மாடிக் கட்டடம். பல்கனியில் புதுக் கம்பி வெள்ளைப் பெயின்ரோடு பளிச்சென்று நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளறைக்குப் போனாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பெட்டிக்கு உயிர் இருக்கிறது. டிஸ்கைத்தான் அதனால் வாசிக்க முடியவில்லை. டிஸ்க் தன் இடத்தில், தன் வயரோடு இருந்தது. அதே கறுப்பு இரும்புக் கூடு. அவள் பிளக்கைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. பிளக்கின் நாக்கு புதுச் சில்லறைக் காசுபோல மின்னியது. டிஸ்கைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தாள்.

கீழே வாச்சர் இராமர், ஹற்றன் பக்கத்து மனிதர், கதிரையை விட்டு எழும்பி நின்றார். அவள் கொட்டாஞ்சேனையில் நின்ற கிழமை முழுவதும் சாவி அவருடைய மேசையில்தான் இருந்தது.

"யார் யார் சாவி கேட்டது, இராமர் அண்ணன்?"

"ரெண்டு பேருதாங்க மிஸ். மிதுஷன் தம்பி, ஐயாவோட ஆபீஸ் லப்டொப்ப எடுக்கணும்னு வந்தாரு. ஒங்ககிட்ட கேட்டுட்டேன்னாரு."

"ஓம், கேட்டவர். மற்றது?"

"நம்ம செக்கட்டரி ஐயா, வெள்ளிக்கெழம. ஒங்க பாத்ரூம் தண்ணி கீழ் வீட்டுக்கு ஒழுகுதுன்னு பாக்க வந்தாரு. பக்கெட்டு, துணியெல்லாம் கையிலதான்."

"நீங்களும் கூடப் போனீங்களா?"

"இல்லீங்க. வாசக் கேட்ட விட்டுட்டு எப்படி போவேன்? தெரியாத ஆளுங்களா ரெண்டு பேரும்?"

ரொஷேல் அவள் காதுக்குள் சொன்னாள்: "மிதுஷன்தான். பெரிய பை ஒண்டு எப்பவும் முதுகில. இதுகளைப் பற்றித் தெரிஞ்சவனும் அவன்தான்."

அறிவித்தலின் பிரதி பெட்டியில் இருக்கும் என்று கொன்ஸ்ரன்ஸ் இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருந்தாள். மெல்ரோயின் தோழன் மிதுஷனிடம், அதை எப்படித் திறப்பது என்று கேட்க. 'வீட்டு நெற்வேர்க்குக்குள்ள இருந்தாத்தான் அக்கா திறக்கலாம், வெளியில இருந்து ஏலாது' என்று அவன் சொன்னான். அந்த வீட்டுக்குள் கால் வைக்க அவளுக்குக் கிழமை முழுவதும் மனம் வரவில்லை. மற்றது செயலாளர் கனகசபாபதியிடம், அப்படியொரு அறிவித்தல் போட்டீர்களா என்று கேட்க. அதே இரண்டு பேர்தான் சாவியும் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் மாடியில் கனகசபாபதி கதவைத் திறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகள் ரொறொன்ரோவில். மனைவி போன வருடம் அங்கே போய்விட்டார். வீடு விற்றதும் இவரும் போவதாக ஏற்பாடு.

"வாரும் பிள்ளை, இரும். நீரும் இரும் தங்கச்சி. பிளேன்ரீ குடிப்பம்."

"வேண்டாம் அங்கிள். மெல்ரோயின்ர டிஸ்க் வேலை செய்யேல்லை."

"அடடா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடற்கரை வீடு பிள்ளை. இந்த உப்பு எதைத்தான் விட்டது? என்ர ரீவியும் போன மாசம் பழுதாப் போட்டுது."

பொய்யில்லை. கடல் பக்கத்து யன்னல் அகலத் திறந்திருந்தது. குத்துவிளக்கில் பச்சை பூத்திருந்தது. ரீவி மேசையின் மேல் ஊசிநூலால் பின்னிய வெள்ளை விரிப்பு. அதில் சங்கு, கனடாவிலிருந்து வந்த கண்ணாடிக் கரடி, பேரப்பிள்ளையின் படம். கரடிக்கும் படத்துக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்தில், செங்கல் நிறத்தில் ஒரு நீள்சதுரக் கறை. விரிப்பைத் தோய்த்துப் போட ஆளில்லாத வீடு என்று நினைத்துக்கொண்டாள். மரத்துப்போன மனது ஒன்றையும் வடிகட்டுவதில்லை. கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது.

"அந்த அறிவித்தல் அங்கிள்..."

"நான்தான் அண்டைக்கே சொன்னனே. அப்பிடி ஒண்டும் போடேல்லை. நீர் களைச்சுப் போனீர் பிள்ளை. கொஞ்சம் படும்."

அவருடைய குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

திங்கள் காலை, காலி வீதிக் கடைத்தொகுதி ஒன்றின் உள்ளே, ஷரீப் டிஸ்கின் கூட்டைக் கழற்றி விளக்கின் கீழ் பிடித்தார். கணினி திருத்துவதில் வெள்ளவத்தையில் அவருக்குப் பெயர் உண்டு.

"மௌத்தாப் போச்சு மிஸ், உசிரில்ல" என்றார். "பாருங்க, வயர் சொருகுற ஓட்டைக்குள்ள முழுக்கத் துரு ஈக்குது. போர்டும் அப்படித்தான். கடற்கரைப் பக்கம் மாசத்துக்கு நாலு வருது இப்படி."

"உள்ள இருக்கிறதை எடுக்கலாமா?"

"சிங்கப்பூருக்கு அனுப்பினாலும் கஷ்டம். உப்புத் திண்டதை யார் மிஸ் துப்பவைக்கிறது?"

ரொஷேல் சிரித்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

மிதுஷன் பிற்பகலில் வத்தளையிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தான். மெல்ரோயோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவன். அவன் வேலை மட்டும் தப்பியது. முதுகில் அந்தப் பெரிய பை. ரொஷேல் கதவடியிலேயே தொடங்கினாள்.

"என்ன மிதுஷன், பைக்குள்ள என்ன கொண்டு போனனீர்?"

"லப்டொப்."

"வேற?"

அவன் காதுமடல் சிவந்தது. கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள்: "உள்ளறைக்குப் போனியா மிது?"

"போனனான் அக்கா." பையைத் திறந்து, சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். சின்னஞ்சிறு திருப்புளிகள் வரிசையாக இருந்தன. "இது ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது எண்டு சொல்லலாம் எண்டு யோசிச்சனான். பொய். அவன்ர கை பட்ட சாமான் ஒண்டு வேணும் போல இருந்தது, எடுத்தன். டிஸ்கைத் தொடேல்லை. அண்டைக்கு விளக்குப் பச்சையாத்தான் இருந்தது."

"எந்த நாள்?"

"வியாழன்."

"செயலாளர் வந்தது வெள்ளி" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"அப்ப வெள்ளிக்குப் பிறகு உப்புத் திண்டதோ?" என்றாள் ரொஷேல். "இவர் சொல்லுறதை நாங்க அப்பிடியே நம்பவேணுமோ?"

"நம்பாதேங்கோ" என்றான் மிதுஷன், களைப்போடு. "ஆனா ஒண்டு சொல்லுறன். அவன்ர டிஸ்கை அழிக்கவேணும் எண்டா எனக்கு ரெண்டு வரி எழுதினாக் காணும். கையால தொடத் தேவையில்லை."

கொன்ஸ்ரன்ஸ் கைபேசியில் மெல்ரோயின் பழைய பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழமைக்கொரு தடவை எழுதுவான்: 'இந்தக் கிழமை பொறுக்கினது.' உப்புத் தண்ணீரில் எரியும் ரோர்ச் விளக்கு. செத்த லிங்குகளைத் தேடிக் காட்டும் ஒரு குட்டி மென்பொருள். படம் பார்க்கும்போது பக்கத்து வீட்டு நாயின் குரைப்பை மட்டும் மறைக்கும் ஒன்று, 'வேலை செய்யவில்லை, ஆனால் நாய்க்குப் பிடித்திருக்கிறது' என்ற குறிப்போடு. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில் அந்த டிஸ்கின் படம். 'இரும்புக் கூடு, தலையில் போட்டாலும் உடையாது. பம்பலப்பிட்டியில் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு. மற்றது, எதையும் இரண்டாம் பிரதி எடுத்து வைக்காத ஒரு நல்ல மனிதருக்கு.'

"மிது, இந்த மற்ற டிஸ்க் உனக்கா தந்தவர்?"

"எனக்கா? எனக்குத் தந்திருந்தா அண்டைக்கு இரவே நிரப்பியிருப்பன்."

கைபேசியில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. ஹோலில் பிளக் குத்த ஒரேயொரு சுவர்த் துளைதான். அதில் மேசைமின்விசிறி, கல்யாணம் முடித்த நாளிலிருந்து குத்தியபடி இருந்தது. அவள் அதன் பிளக்கை இழுத்தாள். முரண்டு பிடித்து வந்தது. பிளக்கின் கால்கள் பளபளவென்று இருந்தன. பக்கத்தில் ஆணியில் தொங்கிய கிரைண்டரின் பிளக் அவள் முழங்கையில் உரசியது. அதன் கால்கள் கறள் பிடித்து, தொட்ட இடத்தில் சட்டையில் துருப் பொடி ஒட்டியது.

கொன்ஸ்ரன்ஸ் இரண்டு பிளக்குகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அண்ணி? கரண்ட் அடிச்சதா?"

"இல்லை" என்றாள். "வாங்கோ ரெண்டு பேரும். சார்ஜன்டுக்கும் கோல் எடு ரொஷேல். இரண்டாம் மாடிக்கு வரச் சொல்லு."

மாலை, கனகசபாபதியின் ஹோல். கடல் வெளிச்சம் சுவரில் அசைந்தது. சார்ஜன்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓரக் கதிரையில் இருந்தார். கொன்ஸ்ரன்ஸ் துவாயை அவிழ்த்து டிஸ்கை மேசையில் வைத்தாள்.

"இது மெல்ரோயின்ர டிஸ்க் இல்லை" என்றாள்.

சார்ஜன்ட் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"மெல்ரோயின்ர டிஸ்க் வாங்கின நாளிலயிருந்து வயரோடயே இருந்தது, ஒருநாளும் கழற்றினதில்லை. பிளக் உள்ளுக்க இருந்தா அந்த ஓட்டைக்குள்ள உப்புக் காத்து போகாது. நேற்று நான் கழற்றின பிளக் மினுங்கினது. இந்த டிஸ்கின்ர ஓட்டை முழுக்கத் துரு. ஒண்டுக்குள்ள ஒண்டு ரெண்டு வருஷம் இருந்ததுகள் எண்டா, துருப் பிடிச்சா ரெண்டும் பிடிக்கவேணும். அப்ப இந்த டிஸ்க் வயர் இல்லாமல், திறந்தபடி, கடற்காத்தில கனநாள் கிடந்த வேறொண்டு. ஆரோ கொண்டுவந்து மாத்தி வச்சிருக்கினம், உப்புத் திண்டது எண்டு நாங்கள் விட்டிடட்டும் எண்டு."

"கடற்காத்து இந்தக் கட்டடம் முழுக்க அடிக்குது பிள்ளை" என்றார் கனகசபாபதி.

"ஓம் அங்கிள். ஆனா மெல்ரோய் இதே மாதிரி ரெண்டுதான் வாங்கினவர். மற்றதை ஒரு நல்ல மனுஷனுக்குக் குடுத்தவர். மிதுஷனுக்கு இல்லை, அவனிட்ட ஒரு டிஸ்க் சும்மா கிடக்காது. அது என்ன எண்டு தெரியாத ஒருத்தர்தான், பிள்ளை ஆசையாத் தந்தது எண்டு மரியாதைக்குப் படத்துக்குப் பக்கத்தில வச்சிருப்பார்."

அவள் எழுந்து போய், டிஸ்கைக் கண்ணாடிக் கரடிக்கும் பேரப்பிள்ளையின் படத்துக்கும் நடுவில் வைத்தாள். செங்கல் நிறக் கறை ஒரு நூல் அளவும் வெளியே தெரியாமல் மறைந்தது.

சார்ஜன்ட் எழுந்து வந்து பார்த்தார். டிஸ்கைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார்.

கனகசபாபதி எழும்பினார். பிறகு குசினிக்குள் போனார். அரிசி வாளியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மற்றொரு டிஸ்க். அதன் இடுக்குகளிலிருந்து அரிசிமணிகள் சிந்தின.

"எறிய மனம் வரேல்லை" என்றார். "அரிசிக்குள்ள வச்சா உப்புப் பிடிக்காது எண்டு அவர்தான் எனக்கு ஒருக்காச் சொன்னவர்."

"ஏன் அங்கிள்?"

"எஞ்சினியர்ப் பொடியன் வந்து பார்த்திட்டு, கடற்பக்கக் கம்பியெல்லாம் அடியில உக்கிப் போச்சு, ஒருத்தரையும் சாய விடாதேங்கோ எண்டவர். காலமை அறிவித்தலைப் போட்டனான் பிள்ளை. சத்தியமாப் போட்டனான். பின்னேரம் என்ர வீட்டை வாங்க லண்டனில இருந்து வந்த ஆக்கள் பார்க்க வாறதெண்டு ஃபோன் வந்தது. அதைக் கண்டா வாங்குவினமோ? ஒரு கிழமை பொறுத்துத் திருப்பிப் போடுவம் எண்டு கழட்டினன். ஒரு கிழமைதான். அஞ்சாம் நாளே..."

"அண்ணா விழுந்தவர்" என்றாள் ரொஷேல்.

"ஓம்."

"அதுக்குப் பிறகு ஏறித்தான் விழுந்தவர் எண்டு சொன்னது?"

"நான் கம்பி நல்லம் எண்டுதான் சொன்னனான்" என்றார் கிழவர். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தானே நம்ப முயல்பவர்போல எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "பிள்ளை, நான் ஆரையும் தள்ளேல்லை."

"இல்லை அங்கிள்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "தள்ளேல்லை."

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

அன்றே மேலே, சார்ஜன்ட் பார்த்திருக்க, மிதுஷன் டிஸ்கைப் பெட்டியோடு பொருத்தினான். விளக்குப் பச்சையானது. கொன்ஸ்ரன்ஸ் தன் கையால் அந்தத் தலைப்பைத் தட்டினாள். கட்டடத்தின் பெயர், திகதி, கனகசபாபதியின் பெயர், 'கம்பிகளில் சாயவேண்டாம்' என்ற வரி தடித்த எழுத்தில். சார்ஜன்ட் படம் பிடித்துக்கொண்டார். "மே எக எதி" என்று சிங்களத்தில் முணுமுணுத்தார், இது ஒன்றே போதும் என்று. பிறகு ஏனோ தொப்பியைப் போடாமலே படியிறங்கிப் போனார்.

ரொஷேல் தாய்க்கு ஃபோன் எடுத்து, "குதிக்கேல்லை அம்மா, தவறித்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிதுஷன் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "அக்கா" என்றான் மெதுவாக. "அவன் தளத்தைச் செய்தவன். பிரதியும் கையில இருந்தது. அறிவித்தல் வந்தது தெரிஞ்சும் ஏன் அந்தப் பல்கனிக்குப் போனவன்?"

அதற்கும் விடை அவளிடம் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மெயிலின் உச்சியில் வந்துகொண்டுதான் இருந்தது. அவள்தான் கீழே இருந்த தலைப்புகளைப் பார்த்தாளே தவிர, மேலே இருந்ததைப் பார்க்கவில்லை. இன்னும் வாசிக்காதவை. பெட்டி பிடித்துப் போட்டது. அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. உலகத்துப் பக்கங்களையெல்லாம் சாகாமல் காப்பாற்றியவன், பிறகு வாசிக்கலாம் என்று வைத்தவற்றுக்குள் அதுவும் கிடந்தது.

"தெரியாது அவருக்கு" என்றாள்.

புதன்கிழமை விசாரணை முடிந்தது. விபத்து என்று எழுதினார்கள். கனகசபாபதியின் வழக்கு வேறாக நடக்கும்.

ஞாயிறு காலை ஏழரைக்கு மெயில் வந்தது. கொன்ஸ்ரன்ஸ் கொட்டாஞ்சேனைக் கட்டிலில் இருந்து திறந்தாள். புதிய லிங்குகள் சில சேர்ந்திருந்தன; மடித்துப் பையில் வைக்கும் கீபோர்ட் ஒன்று, யாரோ எழுதிய ஒரு கருவி. பல்கனிக் கம்பிகள் பட்டியலில் இல்லை. அவள் அதைத் திறந்தபோதே, வாசித்தாயிற்று என்று பெட்டி குறித்துக்கொண்டுவிட்டது.

அவள் மேலிருந்து முதலாவது தலைப்பைத் தட்டி, வாசிக்கத் தொடங்கினாள்.